பத்திரிகையில் இல்லாத தாய்மாமன்

மூன்று கொட்டேஷன். மூன்று லாரி கம்பெனி. அதில் இரண்டு கம்பெனிக்கு ஒரே போன் நம்பர்.

அஃப்ரீன் அந்த நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்க, இஸ்திரிக் கடை."

"நெல் ஏத்த லாரி வாடகைக்கு வேணுமே..."

"லாரியா? எங்கிட்ட ஒரு தள்ளுவண்டிதாம்மா இருக்கு. அதுலயும் ஒரு சக்கரம் ஆடுது."

போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு அடங்கியது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு போர்டு மீட்டிங். நடுவில் இரண்டே நாள்.

நெல்லாழி ஃபுட்ஸ் லிமிடெட், ஒரத்தநாட்டைத் தாண்டி பட்டுக்கோட்டை சாலையில் இருக்கிறது. சாதாரண அரைவை மில்லாகப் பிறந்து, பைகளில் அடைத்த பொன்னி அரிசியாக வளர்ந்து, ஆறு வருடம் முன்பு பங்குச்சந்தையில் ஏறிய கம்பெனி. நாற்பதாயிரம் பேர் அதன் பங்குகளை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நெல்லைக் களத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பெனி வெளியிடும் காகிதத்தை நம்பித்தான் பணம் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தை நம்பலாமா என்று சொல்வதுதான் அஃப்ரீனின் வேலை. கூட்டல் கழித்தலைச் சரிபார்க்க அவள் அலுவலகத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தப்பு நடக்காமல் தடுக்கக் கம்பெனி போட்டிருக்கும் வேலிகள் நிஜமாகவே நிற்கின்றனவா, இல்லை பேருக்கு நட்ட குச்சிகளா என்று ஆட்டிப் பார்ப்பது அவள் பொறுப்பு. ஆடிட் நிறுவனத்தில் பார்ட்னராகி நாலு மாதம்தான் ஆகிறது. லிஸ்டட் கம்பெனி ஒன்றின் ரிப்போர்ட்டில் அவள் போடப்போகும் முதல் கையெழுத்து இது.

இதுவரை எல்லா வேலியும் உறுதியாகத்தான் இருந்தது. எடைமேடை, கொள்முதல் பில், குடோன் இருப்பு, எல்லாம் ஜோர். ஒரே ஒரு வேலி மட்டும் லேசாக ஆடியது.

மேல்மட்டத்தில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினரோடு கம்பெனி வியாபாரம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், டைரக்டர்களின் தணிக்கைக் குழு அனுமதிக்க வேண்டும், ஆண்டறிக்கையில் பங்குதாரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நெல்லாழிக்கு நெல் ஏற்றி வரும் முக்கிய ஒப்பந்தம் 'வெண்ணாறு டிரான்ஸ்போர்ட்' கையில். வருடத்துக்கு நாலு கோடி. மூட்டைக்கு மற்றவர்களைவிட எட்டு ரூபாய் அதிகம். போட்டிக்கு வந்த மற்ற இரண்டு கம்பெனிகளும் ஓர் இஸ்திரிக் கடையில் குடியிருக்கின்றன.

"வெண்ணாறோட ஓனர் யாருங்க?" என்று கம்பெனி செகரட்டரி இனியவனிடம் கேட்டாள். எந்நேரமும் மேஜை டிராயரில் வேர்க்கடலை வைத்திருக்கும் மனிதர்.

"தமிழரசன்னு ஒருத்தர். பேராவூரணிப் பக்கம். நல்ல மனுஷன், வண்டி ஒருநாளும் லேட் ஆனதில்ல."

"மேல இருக்கிற யாருக்காவது சொந்தமா?"

"அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும் மேடம். உறவுக்காரங்க லிஸ்ட்டையும் சப்ளையர் லிஸ்ட்டையும் உள்ள போட்டுத் தட்டினா, ஒரு பேர்கூட ஒத்துப்போகல. சுத்தம்!"

"உறவுக்காரங்க லிஸ்ட்டை யார் எழுதிக் குடுக்கறது?"

"அவங்கவங்கதான்."

"திருட்டுப் போச்சான்னு திருடன்கிட்டயே கேக்குறீங்க."

"கேக்குறோம். கையெழுத்தும் வாங்குறோம்" என்றார் இனியவன், கடலைத் தோலை ஊதியபடி.

படிவங்களைப் புரட்டினாள். மேனேஜிங் டைரக்டர் குணசேகரன், மற்ற டைரக்டர்கள், நிதித் தலைமை அதிகாரி மங்களாம்பிகை, எல்லோரும் ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தமிழரசன் என்ற பெயர் எதிலும் இல்லை.

திருச்சியிலிருந்து சீனியர் பார்ட்னர் யூனுஸ் போன் செய்தார்.

"சந்தேகம்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. ஆதாரம் கொண்டா, தைரியமா எழுது. இல்லையா, வேலி நல்லா நிக்குதுன்னு கையெழுத்தைப் போடு. ஆதாரமில்லாம வாயைத் திறந்தா கிளையண்ட் போயிடும். கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுப் பின்னாடி மாட்டினா உன் லைசென்ஸ் போயிடும். எது போகணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

நல்ல ஆறுதல்.

அந்த நேரம் பார்த்துத்தான் மங்களாம்பிகை உள்ளே வந்தாள். முப்பத்தெட்டு வயது, மாம்பழ நிறப் புடவை, நடையில் ஒரு வேகம். குப்பையாகக் கிடந்த கணக்குப் பிரிவை இரண்டே வருடத்தில் தூக்கி நிறுத்தியவள். இந்தக் கட்டடத்திலேயே அஃப்ரீனுக்கு மிகவும் பிடித்த ஆள். கையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணுக்குக் காதுகுத்து. பேராவூரணிக்கு முன்னாடி, எங்க வீட்டுக்காரர் குலதெய்வக் கோயில். கண்டிப்பா வரணும் அஃப்ரீன். கெடா வெட்டுதான், ஆனா உங்களுக்காக சைவப் பந்தி தனியா சொல்லியிருக்கேன்."

"எனக்கு ஒருத்திக்காகவா?"

"எங்க மாமியாரும் அமாவாசை விரதம், கார்த்திகை விரதம்னு அதுலதான் உக்காருவாங்க. பேச்சுத் துணைக்குக் கொறைவிருக்காது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அஃப்ரீன் பத்திரிகையைப் பிரித்தாள். மற்றவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள். அவள் பிழை பார்ப்பாள். அது ரத்தத்தில் ஊறியது. பட்டுக்கோட்டை மணிக்கூண்டுப் பக்கம் 'மீரா ஆப்செட்' என்றால் கல்யாணம் வைத்த எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அத்தா மீரா உசேனின் அச்சகம். பள்ளி விட்டு வந்ததும் அவள் புரூஃப் பார்த்த பத்திரிகைகளை அடுக்கினால் அட்டாலி முட்டும்.

தாத்தாமார் பெயர், பாட்டிமார் பெயர், பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், மூன்று பஞ்சாயத்துத் தலைவர்கள், வெளிநாடு வாழ் பங்காளிகள்... முழுதாக இரண்டு பக்கம். பிழையே இல்லை. ஆனாலும் என்னவோ உறுத்தியது. இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை படித்தபோது பிடிபட்டது.

பத்திரிகையைப் படமெடுத்து அத்தாவுக்கு அனுப்பிவிட்டு போன் செய்தாள்.

"அத்தா, இது நம்ம கடையில அடிச்சதா?"

"சீச்சீ! பார்டரைப் பாரு, தஞ்சாவூர் வேலை. நம்மகிட்ட இந்த ரோஸ் கலரே கிடையாது."

"ஏதாவது குறையுதா பாருங்க."

படித்து முடித்ததும் மீரா உசேனின் குரல் ஏறியது.

"என்ன புள்ள இது, தாய்மாமனைக் காணோம்! காதுகுத்துப் பத்திரிகையில தாய்மாமனுக்குத் தனியா ஒரு கட்டமே உண்டு. அவன் மடியில வச்சுத்தானே குத்துறது?"

"அந்தம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க இல்லாம இருக்கலாம்ல?"

"இல்லேன்னா ஒண்ணுவிட்ட அண்ணனோ தம்பியோ, அவன் பேரைப் போடுவாங்க. அதுவும் இல்லேன்னா ஊருல மொறை வர்ற எவனையாச்சும் புடிச்சுப் போடுவாங்க. வெறுமனே விடவே மாட்டாங்க. நாப்பது வருஷத்துல நான் ஒரே ஒரு தடவை விட்டேன், கடை ஷட்டரை ஒடச்சாங்க."

"அப்ப வெறுமனே விட்டா என்ன அர்த்தம்?"

"அசல் ஆளு உசுரோட இருக்கான், ஆனா பேரைப் போட முடியல. அவன் இருக்கறப்ப வேற ஒருத்தன் பேரைப் போட்டா வெட்டுக்குத்து ஆயிடும். அதான் கட்டத்தையே தூக்கிட்டாங்க. என்ன புள்ள, சொத்துத் தகராறா?"

"தெரியலத்தா. ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுடும்."

மங்களாம்பிகையின் படிவத்தை மறுபடி எடுத்தாள். கணவர் பெயர் இருந்தது: பிரபு. அப்பா, அம்மா பெயர்கள் இருந்தன. சகோதரர் என்ற கட்டத்தில் எழுத்து எதுவும் இல்லை. மெல்லிய ஒரு கோடு மட்டும்.

ஞாயிறு காலை பேராவூரணிச் சாலையின் இரண்டு பக்கமும் தென்னை. வாய்க்கால்களில் மேட்டூர்த் தண்ணீர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. பொக்லைன் ஒன்று வாய்க்காலுக்குள் நின்று தூர் வாரிக்கொண்டிருந்தது. கோயிலை வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மைக்செட் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பிருந்தே கையைப் பிடித்து அழைத்துப் போனது.

பந்தலில் நானூறு பேர் இருப்பார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மூன்று வயதுக் குழந்தை, அப்பா பிரபுவின் தோளில் உட்கார்ந்து பலூன் கடித்துக்கொண்டிருந்தது. ஆசாரி பித்தளைத் தட்டில் ஊசியையும் தோட்டையும் வைத்துத் தயாராக இருந்தார்.

"நேரமாச்சு. தாய்மாமனை வரச் சொல்லுங்க!"

மங்களாம்பிகையின் கண் சட்டென்று கூட்டத்தில் அஃப்ரீனைத் தேடியது, கண்டது, விலகியது.

"மாமா முறைக்கு இவன் உக்காரட்டும்" என்று ஒரு பெரியவர் கண்ணாடி போட்ட ஓர் ஆளை முன்னால் தள்ளினார். அந்த ஆள் இரண்டடி பின்னால் போனார்.

"அய்யய்யோ, நான் மாட்டேன் சித்தப்பா. அவன் வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?"

"அவன்தான் வரலையே!"

"வரலைன்னு யாரு சொன்னா? அங்க கேளுங்க!"

தாரை தப்பட்டைச் சத்தம் சாலையிலிருந்து வந்தது. முதலில் மாலை போட்ட ஆடு. பிறகு பெண்கள், தலையில் சீர்த்தட்டுகள். ஐம்பதைத் தாண்டியதும் அஃப்ரீன் எண்ணுவதை விட்டாள். அவர்களுக்குப் பின்னால் பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு திடமான ஆள். அவருக்கும் பின்னால், வாழைமரம் கட்டி, சீர் பீரோவைச் சுமந்து ஊர்ந்து வந்தது ஒரு லாரி. நெற்றியில் கொட்டை எழுத்தில்: வெண்ணாறு டிரான்ஸ்போர்ட்.

போதாதென்று லாரியின் பக்கவாட்டில் பத்தடி ஃப்ளெக்ஸ். அதே ஆள் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'தங்க மருமகளுக்குச் சீர் கொண்டு வரும் தாய்மாமன் தமிழரசன் அவர்களை வருக வருக என வரவேற்கும் லாரி டிரைவர்கள், கிளீனர்கள்.'

தமிழரசன் நேராக அக்காவிடம் வந்தார்.

"பத்திரிகையில பேரு இல்ல. சரி, அச்சாபீஸ்காரன் மறந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். மடியை யாருக்கு எழுதிக் குடுத்தே, அக்கா?"

தமிழரசன் பலகையில் சம்மணம் போட்டார். கையை நீட்டினார். குழந்தை பலூனோடு தாவி அவர் மடிக்கு வந்தது. ஊசி இறங்கியது, குழந்தை கத்தியது, தப்பட்டை அதைவிடச் சத்தமாகக் கத்தியது. மங்களாம்பிகை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீர் குழந்தைக்காகவா என்று அஃப்ரீனால் சொல்ல முடியவில்லை.

பந்தியில் மாமியார் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மங்களாம்பிகையே வந்து, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"பாத்துட்டீங்க."

"பாத்தேன்."

"சித்தப்பா மகன்" என்றாள் மங்களாம்பிகை சட்டென்று. "எங்க ஊருல அவங்களும் தாய்மாமன்தான். படிவத்துல கூடப்பொறந்தவங்களைத்தானே கேட்டிருக்கு? சித்தப்பா மகனைச் சட்டம் கேக்கல. நீங்க புள்ளையை மடியில வச்சதைப் பாத்தீங்க, பர்த் சர்ட்டிஃபிகேட்டைப் பாக்கலியே."

சரியான அடி. நிஜமான சித்தப்பா மகன், மடிக்கு மறுத்த அந்தக் கண்ணாடிக்காரர், பத்தடி தள்ளி நின்று பீடா மென்றுகொண்டிருந்தார். ஆனால் தமிழரசன் உடன்பிறந்தவன் என்று அவரும் எழுதித் தரப்போவதில்லை. நானூறு பேருக்குத் தெரிந்த உண்மைக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"சரி மேடம்" என்றாள். "காலையில பாப்போம்."

திரும்பி வரும்போது ஒரத்தநாட்டுக்கு முன்பே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. ரொம்பச் சாதாரண வழி. ஆடிட்டில் தினமும் செய்வதுதான். ஒருவர் சொன்னதை எதிர்த் தரப்பிடம் அனுப்பி, இது சரிதானா என்று கையெழுத்துக் கேட்பது. பேங்குக்கு அனுப்புவார்கள், சப்ளையருக்கு அனுப்புவார்கள். தம்பிக்கு அனுப்பக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

திங்கள் காலை எட்டரை. மங்களாம்பிகையின் மேஜைமேல் அஃப்ரீன் ஒரே ஒரு தாளை வைத்தாள். முழுதும் தமிழ். இரண்டே வரி.

'வெண்ணாறு டிரான்ஸ்போர்ட் உரிமையாளர் தமிழரசன் எனக்கு என்ன உறவு:'

'அவர் என் உடன்பிறந்த தம்பியா, இல்லையா:'

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க மேடம். நீங்க என்ன எழுதினாலும் ஏத்துக்கிறேன்."

மங்களாம்பிகையின் முகத்தில் லேசாக நிம்மதி தெரிந்தது. பேனாவை எடுத்தாள்.

"இதோட நகல் தமிழரசன் சாருக்குப் போகும்" என்றாள் அஃப்ரீன். "நீங்க எழுதினது சரின்னு அவரு கீழ கையெழுத்துப் போடணும். அதுதான் முறை. கீழ கேட்லதான் நிக்கிறாரு, நெல் வண்டியோட."

பேனா நின்றது.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கீழே எடைமேடையில் யாரோ விசில் ஊதினார்கள். மங்களாம்பிகை தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று எழுத மூன்றெழுத்து. ஐந்து நிமிடமாகியும் முதல் எழுத்து விழவில்லை.

"நேத்து எம்புள்ளையை மடியில வச்சவன்கிட்ட, இவன் என் தம்பி இல்லன்னு எழுதி நீட்டச் சொல்றீங்களா?"

"ஏற்கெனவே ஒரு படிவத்துல எழுதினீங்களே."

"எழுதல!" என்றாள் மங்களாம்பிகை. "நல்லாப் பாருங்க. கோடுதான் போட்டேன். உசுரோட இருக்கறவனை இல்லன்னு எழுதக் கை வரல."

பிறகு எல்லாம் வந்தது. அவள் நிதித் தலைமை அதிகாரி ஆவதற்கு முன்பே தமிழரசன் இங்கே வண்டி ஓட்டினான். அப்போது இரண்டு லாரி, போட்டியில் ஜெயித்த ரேட். அவளுக்குப் பதவி வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஒப்பந்தம் போய்விடுமோ என்று பயந்தாள், அவன் ஏழு லாரிக்குக் கடன் வாங்கியிருந்தான். அடுத்த வருடம் போலி கொட்டேஷன். அதற்கடுத்த வருடம் எட்டு ரூபாய். ஒரு கோட்டை மறைக்க எத்தனை கோடு.

"அவனுக்கு இது எதுவும் தெரியாது. நான் வெக்கப்பட்டுக்கிட்டுப் பேரைப் போடலன்னு நெனச்சுக்கிட்டிருக்கான்."

முதல் வரியில் 'தம்பி' என்று எழுதினாள். இரண்டாவது வரியில் 'ஆமாம்'. கையெழுத்து, தேதி. தமிழரசன் மேலே வந்து படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க மேடம் கையெழுத்து, ஊருக்கே தெரியுமே" என்று கீழே கிறுக்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

பதினோரு மணி. போர்டு அறையில் ஏழு டைரக்டர்கள். மங்களாம்பிகை தானே எழுந்து நடந்ததைச் சொன்னாள், ராஜினாமாக் கடிதத்தை வைத்தாள், உட்கார்ந்தாள். மேனேஜிங் டைரக்டர் குணசேகரன் அஃப்ரீன் பக்கம் திரும்பினார்.

"ஒரு லாரி விஷயம். ஒப்பந்தத்தைக் கேன்சல் பண்ணிடறோம், அறிக்கையில போட்டுடறோம். உங்க ரிப்போர்ட்ல எல்லாம் நல்லா இருக்குன்னே எழுதிடலாம்ல? அந்தம்மாவோட தப்புக்குக் கம்பெனி பேரு ஏன் கெடணும்?"

"தப்பு அவங்களோடது சார். வேலி கம்பெனியோடது. ரெண்டு வருஷமா ஒரு கோட்டைப் பாத்து, இது என்னன்னு யாரும் கேக்கல."

"ஒரு ஆள் பொய் சொன்னா எந்த வேலிம்மா நிக்கும்? மத்தவங்க படிவமெல்லாம் சரியாத்தானே இருக்கு!"

தணிக்கைக் குழுத் தலைவர் தியாகேசன், ரிடையரான பேங்க் மேனேஜர், அதுவரை வாயே திறக்காதவர், தொண்டையைச் செருமினார்.

"அதையும் பாத்துடலாமே. ஏம்மா, அந்தத் தமிழ்த் தாளு இன்னும் இருக்கா?"

இனியவன் ஓடிப்போய் அதே மாதிரி ஏழு வெற்றுத் தாள் எடுத்து வந்தார். இந்த முறை கேள்வியைத் தியாகேசனே சொல்லச் சொல்ல எழுதினார்கள். 'நம் கம்பெனிக்குச் சரக்கோ வண்டியோ தருகிறவர்களில் என் உடன்பிறப்பு, சம்பந்தி, மருமகன், மருமகள் யார்? நகல் அவர்களுக்கே அனுப்பப்படும்.'

"சம்பந்தியைச் சட்டம் கேக்கலியே சார்" என்றார் இனியவன் மெதுவாக.

"நான் கேக்குறேன்யா."

அறையில் பேனாச் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தாளைத் திருப்பி வைத்தார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார். குணசேகரன் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சாக்குப்பை சப்ளை பண்றாப்ல நம்ம மாப்பிள்ளை" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "நகலு அவருக்குப் போகும்னு வேற போட்டிருக்கீங்க. மாப்பிள்ளை பேரை விட்டுட்டேன்னு தெரிஞ்சா, பொண்ணு தீபாவளிக்கு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா."

மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று பெயர்கள் வந்தன. சாக்குப்பை, டீசல், ஒரு தவிட்டு வியாபாரி. மூன்றும் அறிக்கையில் ஏறின. கூட்டம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் பங்குச்சந்தைக்கு அனுப்ப இனியவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இன்று கடலை டிராயரிலேயே கிடந்தது.

அஃப்ரீன் யூனுஸுக்கு போன் செய்தாள்.

"ஆதாரம் இருக்கு சார். ஒண்ணுக்கு நாலா."

"கிளையண்ட்?"

"போகலாம், இருக்கலாம். எம்.டி. இன்னும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல."

"லைசென்ஸ்?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப எழுதும்மா."

எழுதினாள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி நிலவரப்படி, உறவினர் பரிவர்த்தனைகளைக் கண்டறிந்து வெளியிடுவதில் கம்பெனியின் கட்டுப்பாடு திறம்பட இயங்கவில்லை. காரணம், விவரம், தொகை. அடியில் தன் பெயர், உறுப்பினர் எண், இடம் தஞ்சாவூர்.

முதல் கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அவள் திருத்தவில்லை.